அப்பாவின் இரண்டாம் அடக்கம்

என் அப்பாவின் பேர் எழுதிய சிலுவை ஒன்று, அவர் உயிரோடு இருக்கும்போதே எங்கள் சேமக்காலையில் நின்றது. ஆத்துமாக்கள் திருநாளன்று ஊரில் எல்லோரும் மெழுகுதிரியும் பூவுமாகத் தங்கள் தங்கள் ஆட்களின் குழிகளைத் தேடிப் போவார்கள். அப்பா தன் குழிக்குப் போவார். புல்லைப் பிடுங்குவார், சிலுவைக்குச் சுண்ணாம்பு பூசுவார், கடற்காற்று அணைக்காதபடி கையை வளைத்துப் பிடித்துக்கொண்டு திரியைக் கொளுத்துவார். நான் பக்கத்தில் நின்று அவருடைய முகத்தையும் சிலுவையில் இருக்கும் எழுத்தையும் மாறி மாறிப் பார்ப்பேன். ஒரு பிள்ளை பார்க்கக்கூடிய காட்சி அல்ல அது. அடுத்த குழிக்கு வந்தவர்கள் எங்களைக் கண்டால் செபத்தைச் சுருக்கிக்கொண்டு நடையைக் கட்டிவிடுவார்கள்.

பிற்காலத்தில் கொழும்பில் இதை நான் பகிடியாகப் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். தன் செத்தவீட்டுக்கு மூன்று வருடம் பிந்தி வந்த மனிதர் எங்கள் அப்பா என்று சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். திருகோணமலையில் அதைக் கண்ணால் கண்டவர்கள் எவரும் சிரித்ததில்லை.

இது விளங்க வேண்டுமானால் எங்கள் சபையின் வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். நல்ல மரணத்துக்காக மன்றாடும் ஆண்களின் சபை அது. துறைமுகத்தில் வேலை செய்தவர்களும் வலைக்காரரும் கந்தோரில் எழுத்துவேலை பார்த்தவர்களும் அதில் இருந்தார்கள். மாதத்தின் முதல் ஞாயிறு, பூசை முடிந்ததும், மூப்பர் என்று நாங்கள் அழைக்கும் சபைத் தலைவர் ஒவ்வொரு சகோதரரின் பேரையும் கூப்பிடுவார். கூப்பிடப்பட்டவர் எழுந்து "இருக்கிறன்" என்று சொல்ல வேண்டும். அவர்களில் ஒருவர் செத்துப்போனால் மற்றவர்கள் வெள்ளை அங்கியும் நீலப் பட்டியுமாக வந்து தோளில் சுமந்து போவார்கள். குழியடியில், பெட்டியை இறக்குவதற்கு முன், மூப்பர் கால்மாட்டில் நின்று செத்தவரின் பேரை மூன்று தரம் கூப்பிடுவார். கூப்பிடுவதோடு விடமாட்டார். ஒவ்வொரு தரமும் மறுமொழிக்காகக் காத்திருப்பார். வராது. பிறகு வீட்டாரைப் பார்த்து, "இருக்கிறாரோ?" என்று கேட்பார். செத்தவருக்கு மிக நெருங்கியவர், மனைவி இருந்தால் மனைவி, "இல்லை" என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல் வந்த பிறகுதான் மூப்பர் "அப்ப விடுகிறம்" என்று சொல்லி முதல் பிடி மண்ணைப் போடுவார். அன்றோடு அந்தப் பேர் இருக்கிறவர்களின் வரிசையிலிருந்து போய்விடும். வருடத்தில் ஒருநாள், ஆத்துமாக்கள் திருநாளில் மட்டும், இறந்தவர்களோடு சேர்த்துக் கூப்பிடுவார்கள். அப்போது எல்லோரும் ஒரே குரலில் "இளைப்பாற்றி கொடும் ஆண்டவரே" என்பார்கள்.

அப்பாவின் முதல் அடக்கத்தின்போது எனக்கு ஐந்து வயது. ஜப்பான்காரன் துறைமுகத்தில் குண்டு போட்டு, சீனன்குடா எண்ணெய்த் தாங்கி ஒன்று நாள்கணக்காக எரிந்துகொண்டிருந்தது. பகலிலும் வெயில் தெரியவில்லை. துணி உலர்த்தும் கொடியிலும் கோயில் படியிலும் கரி படிந்திருந்தது. ஊரில் பாதிப் பேர் தம்பலகாமப் பக்கம் ஓடிவிட்டார்கள். அப்பா அப்போது கடற்படையின் துணைக்கப்பல்களுக்குச் சேர்க்கப்பட்டிருந்த ஆள். குண்டு விழுந்ததற்கு முதல்நாள் வேலைக்குப் போனவர் திரும்பவில்லை. இரண்டு நாள் கழித்து மூப்பர் வந்து, ஜெற்றியடியில் எரிந்துபோன ஓர் உடல் கிடந்தது என்றும், கழுத்தில் சகோதரர்கள் எல்லோரும் போடும் சபைப் பதக்கம் இருந்தது என்றும் சொன்னார். ஓடிப்போகாத சகோதரர்களில் அப்பா ஒருவரைத்தான் காணவில்லை. அதனால் அது அப்பாதான்.

பெட்டியைத் திறந்து காட்டவில்லை. தூக்கும்போது உள்ளே இருந்தது ஒரு பக்கமாகச் சரிந்து பலகையில் இடித்தது. அந்தச் சத்தம் எனக்கு இப்போதும் கேட்கும். சேமக்காலையில் மூப்பர் மூன்று தரம் கூப்பிட்டார். அம்மா "இல்லை" என்று தெளிவாகச் சொன்னா. அழக்கூட இல்லை. புகை எல்லோருடைய கண்ணிலும் தண்ணீரை வரவழைத்திருந்ததால் யார் அழுகிறார்கள், யார் அழவில்லை என்று தெரியவும் இல்லை.

அம்மா மூன்று வருடம் கறுப்பு உடுத்தினா. யுத்தம் முடிந்த பிறகு, ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து நான் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது படலையடியில் ஒரு மனிதர் நின்றார். மெலிந்து, வெயிலில் கறுத்து, துணிப்பை ஒன்றோடு நின்றார். கூப்பிடவில்லை, படலையைத் தட்டவும் இல்லை. எவ்வளவு நேரமாக நின்றார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. குசினியிலிருந்து எட்டிப் பார்த்த அம்மா, "பிள்ளை, உள்ள வா. படலையைத் திறவாதை" என்று சொன்னா. பிறகு அலுமாரிக்குள் இருந்த தீர்த்தப் போத்தலை எடுத்துக்கொண்டு போய், படலைக்கு இந்தப்பக்கம் நின்றபடியே அது முடியும்வரைக்கும் அவர்மேல் தெளித்தா. அவர் முகத்தைத் துடைக்காமல் நின்றார். தண்ணீர் தாடையிலிருந்து சொட்டியது. "இன்னும் இருக்கோ, முடிஞ்சுதோ?" என்று கேட்டார். அது அப்பாவின் குரல்தான். அம்மா படலையைத் திறந்தா.

குண்டு விழுவதற்கு முதல்நாள் பின்னேரம், சுகமில்லாமல் போன யாருக்கோ பதிலாக அவரைக் கப்பலேற்றிக் கொண்டு போயிருந்தார்கள். துறைமுகத்தில் நின்ற கப்பல்களையெல்லாம் அன்று அவசர அவசரமாக வெளியே அனுப்பினார்கள். அப்பாவின் கப்பல் ஆபிரிக்கக் கரைப்பக்கம் போய், அங்கிருந்து வேறெங்கோ போய், கடைசியில் பீரங்கிக்குக் குண்டு எடுத்துக்கொடுக்கும் வேலையில் அவர் யுத்தத்தை முடித்திருந்தார். போட்ட கடிதங்கள் ஒன்றும் வந்து சேரவில்லை. ராசாவின் தலை பொறித்த மெடல் ஒன்று பிறகு தபாலில் வந்தது. அது ஒன்று மட்டும் ஒழுங்காக வந்து சேர்ந்தது.

ஊர் அவரை ஏற்றுக்கொண்டது என்றுதான் சொல்ல வேண்டும். கடைக்காரர் கடன் கொடுத்தார், சீனன்குடாவில் தாங்கிகளுக்குக் காவற்காரனாக வேலையும் கிடைத்தது. ஆனால் அவரோடு கைகுலுக்கியவர்கள் கையை ஒருகணம் கூடுதலாகப் பிடித்துப் பார்த்தார்கள். சூடாக இருக்கிறதா என்று பார்த்தார்கள் என்பது பிள்ளையான எனக்கே விளங்கியது.

அம்மாவுக்கும் அப்பாவுக்கும் இடையில் நடந்ததை எப்படிச் சொல்வது? சண்டை இல்லை. சோறு போட்டா, துணி தோய்த்தா, காய்ச்சல் வந்தபோது கொத்தமல்லி அவித்துக் கொடுத்தா. ஆனால் எங்கள் பக்கத்துப் பெண்கள் புருசனைக் கூப்பிடும் "இஞ்சாருங்கோ" என்ற சொல்லை அதன்பிறகு அம்மா சொல்லி நான் கேட்டதே இல்லை. எதையும் சுவருக்குச் சொல்வா. "சாப்பாடு ஆறுது" என்று சுவருக்குச் சொன்னால் அப்பா வந்து கதிரையில் இருப்பார். அவர் நித்திரை கொள்ளும்போது சிலவேளை கிட்டப் போய் நின்று மூச்சு வருகிறதா என்று கேட்பா. வந்தால் கலங்கிப்போவா. எனக்குக் கோபம் கோபமாக வரும். உயிரோடு திரும்பி வந்த புருசனுக்கு இப்படியும் ஒரு பெண் இருப்பாளா? ஒருநாள் கேட்டேவிட்டேன். அம்மா குரலைத் தாழ்த்தி, "நான் எல்லாருக்கும் முன்னால இல்லையெண்டு சொல்லி மண்ணும் போட்டாச்சு. போட்ட பிறகு வந்தவர் ஆர் எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?" என்று சொன்னா. பின்னேர வெயில் முற்றத்தில் கிடக்க, அப்பா அங்கே விறகு கொத்திக்கொண்டிருந்தார். அவருடைய நிழலையே நான் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எல்லாவற்றையும்விட மோசமானது சபையில் நடந்தது. அப்பாவின் பேரை இருக்கிறவர்களின் வரிசையில் அவர்கள் திரும்பச் சேர்க்கவே இல்லை. முதல் ஞாயிறுகளில் அவர் அங்கியைப் போட்டுக்கொண்டு கடைசி வாங்குப் பலகையில் இருப்பார். எல்லோருடைய பேரும் வரும், அவருடையது வராது. ஆத்துமாக்கள் திருநாளில் மட்டும் மூப்பர் அவருடைய பேரைக் கூப்பிடுவார். கோயில் முழுக்க "இளைப்பாற்றி கொடும் ஆண்டவரே" என்று சொல்லும். அந்தக் குரல்களுக்குள் அப்பாவின் குரலும் இருக்கும். தலை குனிந்து, நெஞ்சில் கைவைத்து, மற்றவர்களைவிட உருக்கமாகவே சொல்வார். பெண்கள் பக்கத்தில் என் கை அம்மாவின் பிடிக்குள் நொறுங்கும்.

நான் படித்து, வளர்ந்து, அன்புவழிபுரத்தில் படிப்பிக்கத் தொடங்கியிருந்தேன். வெள்ளைக்காரன் துறைமுகத்தைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். ஊரின் பாதிக் கூரைகளைக் கொண்டுபோன பெரும்புயலுக்கு அடுத்த வருடம், ஒரு பின்னேரம், அப்பா கதிரையில் இருந்தபடியே செத்துப்போனார். தேத்தண்ணி பக்கத்தில் ஆறிக்கொண்டிருந்தது. அம்மா இரண்டு தரம் "தேத்தண்ணி ஆறுது" என்று சுவருக்குச் சொல்லியிருக்கிறா.

நான் பள்ளிக்கூடத்தால் வந்தபோது அம்மா கதிரைக்குத் தள்ளி, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றா. தொட்டுப் பார்க்கச் சொன்னா. தொட்டேன், குளிர்ந்திருந்தது. முகக்கண்ணாடியைக் கொண்டுவந்து மூக்கடியில் பிடிக்கச் சொன்னா. பிடித்தேன், மூச்சுப் புகார் படியவில்லை. அப்போதும் அம்மா கோயிலில் சாவு மணி அடிக்க ஆள் அனுப்ப விடவில்லை. டொக்டர் வந்து சொன்ன பிறகுதான் விட்டா. பிறகு என்னைக் குசினிக்குள் இழுத்து, "சபை வரவேணும்" என்று சொன்னா. "அங்கியோட வரவேணும். மூண்டு தரம் கூப்பிடவேணும். நான் சொல்லவேண்டியதை நான் சொல்லவேணும். போனமுறை ஆரையோ அனுப்பிப்போட்டம். இந்தமுறை அவரைச் சரியா அனுப்பாட்டி அவர் திரும்பவும் படலையடியில வந்து நிப்பார். எனக்கு இன்னொருக்காத் தாங்க ஏலாது, பிள்ளை." அம்மாவின் பல் கிட்டிக்கொண்டிருந்தது. வெளியே வெயில் பொரிந்தது.

கின்னியாவிலிருந்து அப்பாவுக்குத் தெரிந்த மீன் முதலாளி தகவல் கேள்விப்பட்டு ஒரு லொறியில் ஐஸ் அனுப்பிவைத்தார். சுவாமியார் வந்து செபித்தார். பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு மாறிக்கொண்டிருந்த காலம். அவருக்குத் தன்னுடைய பாடே பெரிய பாடாக இருந்தது. சபை விசயத்தைச் சபைதான் முடிவுசெய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். சபையிலிருந்து ஒருவரும் வரவில்லை. கோயில் மணி அடித்தும் வரவில்லை. மூப்பர் வரமாட்டாராம் என்று அடுத்த நாள் காலையில் ஒரு கதை வந்தது. ஒரு சகோதரருக்கு ஓர் அடக்கம்தானாம். அது நடந்து முடிந்துவிட்டதாம்.

நான் வாய்க்காரி என்பது ஊரறிந்த விசயம். அப்படியே மூப்பர் வீட்டுக்குப் போனேன். அவர் யுத்தகாலத்தில் கோட்டையில் பீரங்கிப் படையில் இருந்தவர், அதனால் எப்போதும் நிமிர்ந்தே இருப்பார். அன்றைக்கு விறாந்தையில் கூனிப்போய் இருந்தார். அவருடைய அங்கி தோய்த்து, மடித்து, பக்கத்துக் கதிரையில் இருந்தது. வரமாட்டேன் என்றவர் எதற்கு அங்கியைத் தோய்த்தார் என்று நினைத்தேன், ஆனால் கேட்கவில்லை.

"உயிரோட இருந்த மனுசனை வருசாவருசம் செத்தவன் எண்டு கூப்பிட்டியள். இப்ப செத்துக் கிடக்கிறார், இப்ப கூப்பிட மாட்டியளோ? நல்ல சபை! அவருக்குத் தோள் குடுக்க ஏலாட்டி அந்தப் பட்டியை எதுக்குக் கட்டுறியள்?" என்று பொரிந்து தள்ளினேன்.

அவர் நான் முடிக்கும்வரை காத்திருந்தார். "இரும், பிள்ளை" என்றார். நான் இருக்கவில்லை. "கொப்பர் தன்ர பேரை எங்களிட்டைத் திருப்பிக் கேக்கேல்லை. நான் குடுக்கப் போனனான். வேண்டாமெண்டவர்."

அப்போதுதான் அந்தக் கதையைச் சொன்னார். கப்பலேறிய பின்னேரம், ஜெற்றியில் கரி சுமக்கும் ஓர் ஆள் அப்பாவுக்குப் பக்கத்தில் நடுங்கிக்கொண்டு நின்றிருக்கிறான். குண்டு விழப்போகிறது என்ற கதை ஏற்கனவே பரவியிருந்தது. மலையாளத்துப் பக்கத்து ஆள் என்று அப்பா நினைத்தார். பாஷையும் சரியாக விளங்கவில்லை, என்ன சமயம் என்றும் தெரியாது. அப்பா தன் சபைப் பதக்கத்தைக் கழற்றி அவனுடைய கழுத்தில் போட்டு, இது கிடந்தால் சபை உன்னைக் கைவிடாது என்று கைச்சைகையால் சொல்லிவிட்டுக் கப்பலேறிவிட்டார்.

"கைவிடேல்லைத்தான்" என்றார் மூப்பர். "முகம் இருக்கேல்லை. பதக்கம் இருந்தது. எங்கட ஆளெண்டு சொன்னவன் நான்தான். கொப்பர் வந்து இதைச் சொன்ன அண்டு நான் இந்த இடத்தில இருந்து அழுதனான். பேரை உடன திருப்பி எடுப்பம் எண்டனான். அவர் சொன்னவர், 'நான் அவன்ர பேரைக் கேக்கேல்லை. கேட்டிருந்தா அவன்ர சனத்துக்கு அறிவிச்சிருப்பன். இப்ப அவனுக்கெண்டு இருக்கிறது என்ர பேர்தான். அதையும் புடுங்கினா அவனுக்கு ஆர் செபம் சொல்லுறது?' எண்டு. நாங்கள் வருசத்தில ஒருக்காச் சொன்ன செபம் அவனுக்கு. கொப்பரும் அவனுக்குத்தான் சொன்னவர்."

கடைசி வாங்கில் நெஞ்சில் கைவைத்து அவர் நின்ற நிலை கண்முன் வந்தது. மெழுகுதிரிக்குக் கையை வளைத்துப் பிடித்ததும் வந்தது. இத்தனை வருடமாக எங்களைப் பயப்படுத்திய அந்த மனிதர் ஒரு பேர் தெரியாத ஆளுக்குத் துணையிருந்திருக்கிறார். எனக்கு அவர்மேல் அளவில்லாத அன்பும், அதே அளவு கோபமும் வந்தது.

"அம்மாவுக்கு ஏன் சொல்லேல்லை?"

"தன்ர பதக்கத்தை அந்நியன் ஒருத்தனுக்குக் குடுத்ததாலதான் அவ மூண்டு வருசம் கறுப்பு உடுத்தவ எண்டு தெரிஞ்சா மன்னிக்க மாட்டா எண்டு பயந்தவர். பிறகு சொல்லுவம், பிறகு சொல்லுவம் எண்டு காலம் போயிட்டுது." மூப்பர் தன் கைகளைப் பார்த்தார். "பயம் எனக்கு என்னெண்டா பிள்ளை, அந்தப் பேரை இன்னொரு குழியில கூப்பிட்டா, முதல் குழியில கிடக்கிறவன் என்ன செய்வான்? அவனை விட்டாச்சு எண்டு சொல்லிப்போட்டுத் திருப்பிக் கூப்பிடுறதோ? அவன் ஓமெண்டு சொன்னா?"

பகல் பதினொரு மணி வெயிலில் அவர் அதைக் கேட்டார். பகிடிக்குக் கேட்கவில்லை. பிறகு எனக்குள் இருந்த வாத்திச்சி எழும்பினா.

"என்ர வகுப்பில ஒரே பேரில நாலு பிள்ளையள் இருக்கினம். நான் கூப்பிட்டா எந்தப் பிள்ளை எண்டு அதுகளுக்குத் தெரியும். கடவுளுக்குத் தெரியாதோ? அவனும் அந்தப் பேரை வச்சிருக்கட்டும், அப்பாவும் வச்சிருக்கட்டும். பக்கத்தில குழியை வெட்டுங்கோ."

மூப்பர் அங்கியை எடுத்து மடியில் வைத்தார். "கேள்விக்கு மறுமொழி சொல்லவேண்டியது கொம்மா. ஒருக்காச் சொன்னவ. திரும்பச் சொல்லுவாவோ?"

"அவதான் கேக்கிறா" என்றேன்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் அம்மாவிடம் சொன்னேன். பதக்கம், கரி சுமந்த ஆள், அப்பா பேரை விட்டுக்கொடுத்தது, எதையும் மறைக்கவில்லை. முடிந்ததும் அம்மா எழும்பி, பெட்டி வைத்திருந்த அறைக்குள் போனா. அதுவரைக்கும் கதவு நிலையைத் தாண்டாதவ, பெட்டிக்குக் கிட்டப் போய், அப்பாவின் சேட்டுக் கழுத்து ஒரு பக்கம் மடிந்திருந்ததை நேராக்கினா. ஐஸ் உருகி நிலத்தில் தண்ணீர் ஓடியிருந்தது. அதில் நின்றபடி அம்மா சேட்டின் கழுத்திலிருந்து கையை எடுக்காமல் இருந்தா. நான் வெளியே வந்துவிட்டேன்.

பின்னேரம் சபை வந்தது. வெள்ளை அங்கிகளில் அந்துருண்டை மணம் வீசியது. யுத்தத்துக்குப் போன சகோதரர் ஒருவர் செத்தால், அப்படிப் போய்வந்த மற்றவர்கள் தங்கள் மெடல்களை அங்கியின்மேல் குத்திக்கொள்வார்கள், செத்தவரின் மெடலைப் பெட்டிமேல் விரித்த கறுப்புத் துணியில் வைப்பார்கள். கடற்கரை வீதியால் பெட்டி போனது. வழக்கமாகச் செத்தவீடு போகும்போது ஒரு முணுமுணுப்பு இருக்கும். அன்று ஒருவரும் கதைக்கவில்லை. கடலும் ஆடாமல் கிடந்தது. நடக்கும்போது மெடல்கள் அங்கிகளில் உரசிய சத்தம் மட்டும் கேட்டது. வீதியோரத்தில் நின்றவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். அவர்கள் பெட்டியைப் பார்க்கவில்லை. பெட்டிக்குப் பின்னால் வந்த எங்களைப் பார்த்தார்கள். கூட்டத்துக்குள் அப்பாவும் நடந்து வருகிறாரா என்று தேடியதுபோல எனக்குப் பட்டது. நானும் ஒருதரம் திரும்பிப் பார்த்தேன் என்பதை மறைக்கவில்லை.

புதுக் குழி பழைய சிலுவைக்குப் பக்கத்தில் வெட்டப்பட்டிருந்தது. சுவாமியார் செபத்தை முடித்து ஒதுங்கி நின்றார். மூப்பர் கால்மாட்டுக்கு வந்தார். முதலில் பழைய குழியைப் பார்த்துத் தலை சாய்த்தார். பிறகு பெட்டியைப் பார்த்து அப்பாவின் பேரைக் கூப்பிட்டார்.

காத்திருந்தோம். நான் எத்தனையோ சகோதரர்களின் அடக்கத்துக்குப் போயிருக்கிறேன். அந்தக் காத்திருப்பு ஒரு சடங்கு, அவ்வளவுதான். மறுமொழி வராது என்று எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கு அப்படியில்லை. முன்பு ஒருதரம் வந்த மனிதர் இவர். நின்றவர்கள் எல்லோரும் காதைக் கொடுத்து நின்றார்கள்.

இரண்டாம் தரம் கூப்பிட்டார். ஒரு குழந்தை இருமியதற்கு ஒரு பெரிய மனிதர் துள்ளினார். பழைய சிலுவையடியில் நின்ற இருவர், தங்களுக்கே தெரியாமல், மெல்ல விலகி எங்கள் பக்கம் வந்தார்கள்.

மூன்றாம் தரம் கூப்பிட்டபோது மூப்பரின் குரல் உடைந்தது. சேமக்காலை வாசலைப் பார்க்காத ஒருவரும் அங்கே இருக்கவில்லை. வாசலில் ஒருவரும் இல்லை, வெயில் சரிந்த வீதி மட்டும் தெரிந்தது.

மூப்பர் அம்மாவின் பக்கம் திரும்பினார். "இருக்கிறாரோ?"

அம்மா வாய் திறக்கவில்லை. மூப்பர் பொறுத்தார். குழிவெட்டுபவர்கள் கயிற்றைப் பிடித்தபடி ஒருவரையொருவர் பார்த்தார்கள். கயிறு பெட்டியின் அடியில் முறுகியது. நான் அம்மாவின் முழங்கையைத் தொட்டேன்.

"தங்கச்சி" என்றார் மூப்பர் மெதுவாக. "இல்லையெண்டு சொல்லும். அப்பதான் விடலாம்."

"சொல்ல மாட்டன்" என்று அம்மா சொன்னா. அது எல்லோருக்கும் கேட்டது. "போனமுறை சொன்னனான். சொன்ன சொல்லைப் பிடிச்சுக்கொண்டு, வீட்டுக்கு வந்த மனுசனை இருபது வருசம் இல்லாத ஆள் மாதிரி வச்சிருந்தனான். பக்கத்தில இருந்தவர். ஒரு நாள்கூட நான் அவரைக் கூப்பிடேல்லை." பிறகு பெட்டியை நோக்கிக் குனிந்து, இத்தனை வருடம் கழித்து, "இஞ்சாருங்கோ" என்று சொன்னா. சுவருக்குச் சொல்லவில்லை, அவருக்குச் சொன்னா. "இஞ்சாருங்கோ, நான் சொல்ல மாட்டன்."

பெண்கள் பக்கத்தில் யாரோ விசும்பினார்கள். மூப்பருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சொல் வராமல் மண் விழக்கூடாது, அது சபையின் சட்டம். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மூடாத குழியோடு அவரை அங்கே விட்டுவிட்டு நாங்கள் வீட்டுக்குப் போக முடியாது. மனைவி சொல்லாவிட்டால் மூத்த பிள்ளை சொல்லலாம். மூத்த பிள்ளை நான். பிள்ளையும் நான் ஒருத்திதான்.

மூப்பர் என்னைப் பார்த்தார். அந்தக் கேள்வி கேட்கப்பட வேண்டும் என்று வீடு தேடிப்போய் அவரோடு சண்டை பிடித்தவள் நான். வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல அவருக்கு நியாயம் சொன்னவள் நான். மறுமொழி என்னிடம் வரும் என்று நான் நினைக்கவே இல்லை. அப்பாவை எனக்கு அன்று காலையில்தான் தெரியவந்தது. அவரோடு ஒரு வார்த்தை கதைக்க எனக்கு நேரம் இருக்கவில்லை.

"இருக்கிறாரோ, பிள்ளை?"

"இல்லை" என்றேன்.

அம்மாவின் கை என் வாயைப் பொத்த வந்தது. அதற்குள் நான் சொல்லிவிட்டேன். மூப்பர் மண்ணைப் போட்டார்.